செவிலியரின் முதல் சம்பளம்: கடிதம் போதாது, அறிவிக்கை வேண்டும்

நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ மூன்று ஆண்டு டிப்ளமோவோ படித்துத் தேறி, செவிலியர் பதிவேட்டில் பெயரை ஏற்றிக்கொண்டு, தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரும் இளம் செவிலியர்களில் மிகப் பலருக்கு முதல் சம்பளம் இருபதாயிரம் ரூபாயைத் தொடுவதில்லை. அந்தச் சம்பளத்தில் சென்னையிலோ கோவையிலோ ஒருவர் தங்கி, உண்டு, படிப்புக் கடனையும் அடைத்து வாழ முடியாது. வாழ முடியாத சம்பளத்தை நம்பி நடக்கும் வார்டு, நோயாளிக்குப் பாதுகாப்பான வார்டாக நீடிக்காது. இந்த அபாயத்தை அரசு அறியும். மருத்துவமனை நிர்வாகங்களும் அறியும். அறிந்தும் அது தொடர்கிறது.

எது நியாயமான சம்பளம் என்று கண்டறியப் புதிதாக ஒரு குழு வேண்டியதில்லை. விடை 2016-லேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிச் சூழலையும் ஆராய நிபுணர் குழு ஒன்றை அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. குழு அமைந்தது, அறிக்கையும் தந்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனை, அந்தந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 படுக்கைகளுக்கு மேற்பட்டது என்றால் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காடு வரை குறையலாம். 50-க்கும் குறைவான படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனையிலும் மாதம் ரூ.20,000-க்குக் கீழே போகக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றது குழு.

அந்தப் பரிந்துரை மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குக் கடிதமாகப் போனது. பெரும்பாலான இடங்களில் கடிதமாகவே நின்றது. கடிதத்தை ஒரு மருத்துவமனை மதிக்கலாம், மதிக்காமலும் விடலாம். மதிக்காவிட்டால் அபராதம் இல்லை, ஆய்வு இல்லை, கேள்வி கேட்பாரும் இல்லை. செவிலியரிடம் அந்தக் கடிதத்தின் நகல் இருந்தாலும் அதைக் காட்டி உரிமை கோர அவருக்கு இடமில்லை.

இதற்கிடையே அந்த இருபதாயிரமும் தேய்ந்துவிட்டது. நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பார்த்தால், 2016-இல் இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய முப்பதாயிரம் வேண்டும். அப்போது ஒரு சிறிய மருத்துவமனைக்கு மிகக் குறைந்த வரம்பாகச் சொல்லப்பட்ட தொகை, இன்று பெரிய மருத்துவமனையில் சேரும் பல செவிலியருக்கு எட்டாத தொகையாக இருக்கிறது. தரை என்று சொல்லப்பட்டது கூரையாகிவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் ரூ.15,000 சம்பளத்தில் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாகத் தொடங்கும் மருத்துவமனைகளும் உண்டு. அதில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது ரூ.1,800 போகும். இ.எஸ்.ஐ. பங்காக முக்கால் விழுக்காடு, ரூ.113. கைக்கு வருவது ரூ.13,087. சென்னையில் மகளிர் விடுதியில் மூவர் பகிரும் அறையில் ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் ஏழாயிரத்துக்குக் கிடைத்தால் மலிவு என்றே சொல்ல வேண்டும். மிச்சம் ரூ.6,087. படிப்புக்காக வங்கியில் மூன்று லட்சம் கடன் இருந்து, பத்து விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.3,965. இனி மீதி இருப்பது ரூ.2,122. ஒரு நாளைக்கு எழுபது ரூபாய்.

அந்த எழுபது ரூபாயில்தான் செல்பேசிக் கட்டணம், சோப்பு, நாப்கின், மருந்து மாத்திரை, வார்டில் ஓடித் தேயும் ஷூ, தைக்கக் கொடுத்த சீருடை, நாகர்கோவிலுக்கோ தேனிக்கோ போய்வரும் டிக்கெட் அனைத்தும் அடங்க வேண்டும். வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. பெண்ணைப் படிக்க வைத்துவிட்டோம், இனித் தம்பியின் படிப்பை அவள் பார்த்துக்கொள்வாள் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கைச் சொல்ல அவரால் இயலாது. ஊரிலிருந்து அவருக்குப் பணம் வருகிறது. வேலை பார்க்கும் மகளுக்குப் பெற்றோர் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள் என்றால், மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் ஒரு பகுதியை அந்தப் பெற்றோர்தான் சுமக்கிறார்கள்.

ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு தேவை என்பதை இந்த நாடு 1957-லேயே வரையறுத்தது. அந்த ஆண்டு கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவரின் உழைப்பை நம்பி மூன்று நுகர்வு அலகுகள் (ஓர் அலகு என்பது வளர்ந்த ஒருவரின் தேவை) உள்ளன என்று கொண்டு, அவற்றுக்கான உணவு, துணி, வாடகை, எரிபொருள் ஆகியவற்றைக் கணக்கிட்டே குறைந்தபட்ச ஊதியத்தை வகுக்கச் சொன்னது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமைக்கான சேமிப்பு முதலியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று அலகு இருக்கட்டும். பட்டம் பெற்ற, பதிவு பெற்ற செவிலியரின் முதல் சம்பளம் இன்று ஓர் அலகுக்கே போதவில்லை.

சம்பளம் குறைவு என்பதோடு இது முடிவதில்லை. பதிவு எண் பெற்ற செவிலியரை முதல் சில மாதங்களுக்கு, சில இடங்களில் ஓர் ஆண்டு வரைகூட, டிரெய்னி என்று பெயரிட்டு வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. டிரெய்னிக்கு உதவித்தொகைதான் உண்டு. ஆனால் அவர் பார்க்கும் டூட்டி முழு டூட்டி. இரவுப் பணியில் வார்டுக்குப் பொறுப்பு அவரே. மருந்துப் பதிவேட்டில் கையெழுத்தும் அவருடையதே. ஏதேனும் தவறு நேர்ந்தால் விசாரணையில் அவர் பயிற்சியாளராகக் கருதப்பட மாட்டார், பதிவு பெற்ற செவிலியராகவே கருதப்படுவார். பொறுப்பு முழுதாகவும் ஊதியம் பாதியாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கக் கூடாது. பயிற்சி என்பது கல்லூரிக் காலத்தோடு முடிந்த ஒன்று. பதிவு எண் கிடைத்த நாளிலிருந்து அவர் செவிலியர்.

அடுத்தது பாண்டு. இரண்டு ஆண்டு வேலையை விடக் கூடாது, விட்டால் இத்தனை ஆயிரம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் நிர்வாகங்களும் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுத் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியாது. ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் தராமல் இழுத்தடிப்பது இன்னொரு பூட்டு. ஒருவரின் கல்விச் சான்றிதழ் அவருடைய உடைமை. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நல்ல சம்பளம் தரும் மருத்துவமனைக்கு இத்தகைய பூட்டுகள் தேவைப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சம்பளச் சீட்டிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, பல்வேறு படிகளைப் பெரிதாக்கிக் காட்டினால், நிர்வாகம் கட்ட வேண்டிய வைப்பு நிதிப் பங்கு குறையும். பணிக்கொடைக்கு ஐந்தாண்டுப் பணி வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பொது விதி. இரண்டு மூன்று ஆண்டுகளில் செவிலியர் களைத்து வெளியேறினால் அந்தச் செலவும் மிச்சம். அனுபவம் பெற்றவர் போவதும் புதியவர் குறைந்த சம்பளத்தில் வருவதும் சில நிர்வாகங்களுக்கு இழப்பாகவே தெரிவதில்லை.

இழப்பு நோயாளிக்குத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது எங்கும் ஏற்கப்பட்ட அளவு. பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து அல்லது ஆறு பேர் என்பது இந்நாட்டில் வகுக்கப்பட்ட வரையறை. இரவில் எத்தனை மருத்துவமனைகளில் இந்த வரையறை நிற்கிறது என்பதை, உறவினருக்குத் துணையாக ஓர் இரவு வார்டில் தங்கியவர் எவரும் சொல்லிவிடுவார். ஆள் குறைந்தால் பகல் டூட்டி பார்த்தவரே இரவும் நிற்கிறார். டபுள் டூட்டிக்குக் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால் அவரே முன்வந்தும் நிற்கிறார். ஏழு மணி நேரம் தூங்க வேண்டியவர், எழுபது ரூபாய்க் கணக்கைச் சரிக்கட்ட விழித்திருக்கிறார்.

அந்த விழிப்பில் என்ன நேரலாம் என்பதற்கு இன்சுலின் ஒன்றே போதிய சான்று. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட குப்பியும் புழக்கத்தில் உண்டு, 100 யூனிட் கொண்டதும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் ஏற்றினால், நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரிந்து அவர் தூக்கத்திலேயே நினைவிழப்பார். அதிகாலை நான்கு மணிக்குப் பதினாறாவது மணி நேரமாக நிற்கும் கண்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் வேறு வேறாகத் தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பொட்டாசியம் குளோரைடும் அப்படியே. நீர்க்கச் செய்யாமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இந்தத் தவறுகளைத் தடுப்பது இயந்திரமோ மென்பொருளோ அல்ல, இரண்டாம் முறை குப்பியின் சீட்டைப் படித்துப் பார்க்கும் ஒரு செவிலியர். படித்துப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும், தெளிவு வேண்டும், சில ஆண்டு அனுபவம் வேண்டும்.

இது ஊகமன்று. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, செவிலியர் ஒருவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், உள்நோயாளி முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. அங்கே பொது வார்டில் இருக்கும் நெருக்கடியைவிட நம் வார்டுகளின் நெருக்கடி குறைவானது என்று எவரும் வாதிட முடியாது.

தனியார் துறையை மட்டும் குறை சொல்லி அரசு ஒதுங்கிவிட இயலாது. மாநில அரசே 2015-இல் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரைத் தேர்ந்தெடுத்து, மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. இரண்டாண்டில் காலமுறை ஊதியத்துக்கு வரலாம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அதன் பின் தொகை படிப்படியாக உயர்ந்து ரூ.18,000-த்துக்கு வந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் நிபுணர் குழு 50 படுக்கைக்கும் குறைந்த தனியார் மருத்துவமனைக்கு 2016-இல் பரிந்துரைத்த கீழ்வரம்பைவிட அது இரண்டாயிரம் குறைவு. மத்திய அரசு மருத்துவமனையில் அதே தகுதியோடு நிரந்தரப் பணியில் சேருபவரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின்படி ரூ.44,900. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். ஒரே பாடம், ஒரே பதிவு, ஒரே ஊசி. ஊதியத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி.

ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 39-ஆம் கூறும் 43-ஆம் கூறும் அதையே திசையாகக் காட்டுகின்றன. அரசு தன் வீட்டில் நடைமுறைப்படுத்தாத நெறியைத் தனியாரிடம் எப்படி வலியுறுத்தும் என்ற கேள்வி எழுவது இயல்பு. தொகுப்பூதியம் நீடிக்கும்வரை தனியார் நிர்வாகங்களுக்கு அதுவே கேடயம். காலியிடங்கள் காத்திருக்க, ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், அவசரமாக அழைத்துச் சேர்க்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் பலரின் பணி 2022 டிசம்பர் முடிவோடு நிறுத்தப்பட்டதையும் இம்மாநிலம் மறந்திருக்காது. பாதுகாப்பு உடைக்குள் எட்டு மணி நேரம் வியர்த்தவர்களுக்கு அன்று கைதட்டல் கிடைத்தது, நியமன ஆணை கிடைக்கவில்லை.

தனியார் மருத்துவமனைகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: கட்டுப்படியாகாது. இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது, கணக்கோடு பார்க்க வேண்டும். மருத்துவமனை பில்லில் நர்சிங் சார்ஜ் என்று ஒரு வரி உண்டு. அறை வாடகை தனி, மருத்துவர் கட்டணம் தனி, இது தனி. நாளொன்றுக்கு ரூ.500 மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், ஆறு படுக்கைகளுக்கு முப்பது நாளில் ரூ.90,000 சேர்கிறது. ஆறு படுக்கைகளை மூன்று ஷிப்டும் பார்க்க, வார விடுப்பையும் கணக்கில் கொண்டால், நான்கு செவிலியர் வேண்டும். தலைக்கு ரூ.22,500. இருபதாயிரம் சம்பளத்தையும், அதற்கு நிர்வாகம் கட்ட வேண்டிய வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்குகளையும் இந்த ஒரு வரியே ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். எல்லாப் படுக்கைகளும் எந்நாளும் நிறைந்திருக்காது என்பது உண்மை. ஆனால் செவிலியரின் உழைப்பு அறை வாடகையிலும், அறுவை அரங்கக் கட்டணத்திலும், தீவிர சிகிச்சைக் கட்டணத்திலும் கூட அடங்கியிருக்கிறது. செவிலியருக்காக என்று சொல்லி நோயாளியிடம் வாங்கும் பணம் செவிலியரைச் சென்றடைகிறதா என்பதே கேள்வி.

வட்டத் தலைநகரங்களில் பதினைந்து இருபது படுக்கைகளோடு இயங்கும் சிறிய மருத்துவமனைகளின் நிலை வேறு. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் சுற்றுக் கிராமங்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் அவற்றையே. காப்பீட்டுத் தொகை மாதக்கணக்கில் தாமதமானால் அவை முதலில் கைவைப்பது ஊழியர் சம்பளத்தில்தான். இவற்றுக்கு அரசு காப்பீட்டுக் கோரிக்கைகளைக் குறித்த நாளுக்குள் தீர்த்துத் தர வேண்டும். படிப்படியாக ஊதியத்தை உயர்த்த ஓரிரு ஆண்டு அவகாசமும் தரலாம். ஆனால் அவகாசத்துக்குக் கடைசித் தேதி இருக்க வேண்டும். சிறிய மருத்துவமனையின் சிரமத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு முந்நூறு படுக்கை மருத்துவமனை பின்னால் மறைந்துகொள்ள அனுமதிக்கக் கூடாது. படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப ஊதியத்தைப் பிரித்த 2016 பரிந்துரை, இந்த வாதத்துக்கு முன்கூட்டியே விடை சொல்லிவிட்டது.

சம்பளம் இவ்வளவு கீழே கிடப்பதற்கு இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் செவிலியர் கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. ஆண்டுதோறும் வெளிவருவோர் ஏராளம். ஆனால் அரசுப் பணியிடங்கள் அதற்கேற்பத் திறக்கப்படுவதில்லை, வார்டுகளில் உரிய விகிதத்தில் ஆள் வைக்கும் கட்டாயமும் இல்லை. ஆகவே வார்டில் ஆள் பற்றாக்குறையும் வெளியே வேலை தேடும் பட்டாளமும் ஒரே நேரத்தில் நிலவுகின்றன. இவள் போனால் இன்னொருத்தி வருவாள் என்ற நம்பிக்கையில் நிர்வாகம் பேரம் பேசுகிறது. கல்லூரிக்கு அனுமதி தரும் அமைப்புகள், அங்கே படித்து வருவோர் எந்தச் சம்பளத்தில் அமர்கிறார்கள் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் கல்லூரி, எத்தனை ரூபாய்ச் சம்பளத்தில் வேலை என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

முடிந்தவர்கள் போய்விடுகிறார்கள். வளைகுடா, பிரிட்டன், ஜெர்மனி என்று வழிகள் திறந்திருக்கின்றன. இரவு டூட்டி முடித்துவிட்டு ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போகும் செவிலியர் நம் நகரங்களில் உண்டு. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் புதிதாகச் சேரும் செவிலியரின் தொடக்க ஊதியம் 2025-இல் ஆண்டுக்கு சுமார் 31,000 பவுண்டு. அங்கும் வாடகை கடுமையானது, அங்குள்ள செவிலியரும் ஊதியம் போதவில்லை என்று 2022 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருந்தும் போகிறார்கள் என்றால் இங்கே உள்ள நிலை அவர்களைத் தள்ளுகிறது. போகிறவர்களை நாம் குறைகூறவில்லை. முகவர்களிடம் லட்சக்கணக்கில் ஏமாறாமல் இருக்க, வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குச் செல்லும் செவிலியர் அரசு முகமைகள் வழியாகவே செல்ல வேண்டும் என்று 2015-இல் விதி வந்ததும் நல்லதே. ஆனால் மூன்று நான்கு ஆண்டு அனுபவத்தோடு விமானம் ஏறுபவரின் இடத்தை, நேற்றுப் பதிவு எண் பெற்றவர் நிரப்புகிறார். அவருக்குக் கற்றுக்கொடுக்க வார்டில் மூத்தவர் இல்லை. 1871-லேயே செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய நகரம் சென்னை. பயிற்றுவிப்பதில் நமக்குக் குறை இல்லை, தக்கவைத்துக்கொள்வதில்தான் தவறுகிறோம்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் 2017-இல் திரண்டு போராடினார்கள். நிர்வாகங்கள் எதிர்த்தன, நீதிமன்றம் சென்றன. ஆயினும் 2018 ஏப்ரலில் அம்மாநில அரசு, செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை ரூ.20,000 என்று சட்டப்படி அறிவிக்கை செய்தது. அதனால் அங்கே தனியார் மருத்துவம் அழிந்துவிடவில்லை. வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது என்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை.

அதிகாரமும் கையிலேயே இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசிடம் தந்தது. அதன் இடத்தில் நாடாளுமன்றம் இயற்றிய 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை அந்த அதிகாரத்தை மாநிலத்திடமே விட்டுவைத்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் ஊதியத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்கின்றன இரண்டுமே. புதிய சட்டம் வேண்டாம், புதிய குழு வேண்டாம், சட்டமன்றத்தில் மசோதாவும் வேண்டாம். அறிவிக்கை போதும்.

அறிவிக்கை வந்தால் அதை நிறைவேற்ற வைக்கும் பிடியும் அரசிடம் உண்டு. தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. பதிவைப் புதுப்பிக்க வரும் மருத்துவமனையிடம் தீயணைப்புச் சான்றையும் மருத்துவக் கழிவுச் சான்றையும் கேட்கும் அதிகாரி, செவிலியரின் வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான பட்டியலையும் கேட்கலாம். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்து மக்கள் பணத்தைப் பெறும் மருத்துவமனைக்குச் செவிலியர் ஊதியத்தை நிபந்தனையாக வைக்கலாம். இவற்றைச் செய்ய வேண்டியவை மாநிலத் தொழிலாளர் துறையும் சுகாதாரத் துறையும். ஒன்று மற்றொன்றைக் கைகாட்டிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் கழிந்துவிட்டன. பொறுப்பு இரண்டுக்கும் உண்டு.

சம்பளத்தோடு சேர்ந்து தீர்க்க வேண்டியது தங்குமிடம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. இந்தச் செவிலியருக்கு அது மெய்யான உதவி. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடிந்து, அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, வாசலுக்கு வரும்போது மணி பத்து. அந்த நேரத்தில் பேருந்தைவிட ஷேர் ஆட்டோதான் கிடைக்கும். பணிபுரியும் மகளிருக்கான அரசு விடுதிகளைப் பெரிய மருத்துவமனைகள் அடர்ந்த பகுதிகளில் திறந்து, இரவுப் பணி செய்வோருக்கு இடம் ஒதுக்கினால் மேலே சொன்ன கணக்கில் பெரிய பளு குறையும். மருத்துவமனையே விடுதி நடத்துமானால், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ள இடம் தரக் கூடாது.

நம் கோரிக்கை தெளிவானது. 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரையை விலைவாசிக்கு ஏற்பத் திருத்தி, படுக்கை எண்ணிக்கை வாரியாக, செவிலியரின் தொடக்க ஊதியத்தை இந்த நிதியாண்டு முடிவதற்குள் சட்டப்படி அறிவிக்கை செய்ய வேண்டும். பதிவு எண் பெற்றவரை டிரெய்னி என்று வைத்திருப்பதும் அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் தண்டனைக்குரியவை என்று அதே அறிவிக்கையோடு ஆணை வர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தை முடித்துவைக்கும் கால அட்டவணையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். சம்பளப் பட்டியல்களை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து, விதியை மீறிய மருத்துவமனைகளின் பெயரை வெளியிட வேண்டும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை மருத்துவமனையில் பில் கட்டும்போது நர்சிங் சார்ஜ் என்ற வரியைப் பாருங்கள். அதில் எவ்வளவு செவிலியருக்குப் போகிறது என்று கவுண்டரில் கேளுங்கள். பணம் உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையது. அறிவிக்கை வெளியிடும் பொறுப்பு அரசினுடையது, அதற்கு இனியும் கடிதம் விடையாகாது.